நான்கு வாரம் ஜெர்மனியில்: மொழி மாணவர்களைக் கோடைக்காலப் படிப்புக்குத் தயார் செய்வது எப்படி

முதல் முறை நான் மாணவர்களை ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, வகுப்பில் எப்போதும் முதலிடம் வாங்கும் ஒரு பையன் முதல் இரவே பட்டினியாகப் படுத்தான். அவனைத் தங்க வைத்திருந்த வீட்டு அம்மா, "வழியிலேயே சாப்பிட்டிருப்பாய், இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி அவனுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறான். அவர் 'குட் நைட்' சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டார். பி1 என்ற இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த பையன் அவன்.

அவனுக்கு இலக்கணம் தெரியும். தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் முகத்தைப் பார்த்து "எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பது. நம் வகுப்பறைகளில் புரியாததை மறைக்கத்தான் பிள்ளைகள் பல வருடமாகப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறினால் நான்கு வாரமும் தலையாட்டியே கழிந்துவிடும். அதனால் இந்தப் பொறுப்பை முதல் முறையாக ஏற்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஜெர்மன் படிக்கும் கல்லூரி மாணவர்களைப் பற்றி. பிரெஞ்சு, ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்கும் இதில் பாதியாவது பயன்படும்.

முந்தைய அக்டோபரிலேயே தொடங்குங்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவ வகுப்புகள் ஜூலை நடுவில்தான் முடிகின்றன. ஆகவே வெளிநாட்டு மாணவர்களுக்கான கோடைக்கால மொழிப் படிப்புகள் பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நடக்கும். நமக்கோ ஜூன் கடைசியிலேயே அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடுகிறது. முதல் சிக்கல் இங்கேதான். 75 சதவீத வருகைப்பதிவு விதி இருக்கிற கல்லூரியில் நான்கு வாரம் வராமல் இருந்தால் மாணவர் தேர்வு எழுத முடியாமல் போகலாம். எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று பார்ப்பதற்கு முன்பே துறைத்தலைவரிடம் போய் அந்த நாட்களுக்கு 'ஓடி' (கல்லூரி வேலையாகப் போனதாக வருகை தரும் அனுமதி) கிடைக்குமா என்று கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாமல் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான 'டாட்', இந்தக் கோடைக்காலப் படிப்புகளுக்கு உதவித்தொகை தருகிறது. அதற்கான விண்ணப்பக் காலம் முந்தைய வருட இறுதியிலேயே முடிந்துவிடும். ஜனவரியில் தகவல் தெரிந்து ஓடி வரும் மாணவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். அக்டோபரிலேயே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பெர்லின், மியூனிக் என்று பெரிய பெயர்களையே மாணவர்கள் கேட்பார்கள். என் பரிந்துரை நடுத்தர ஊர்கள்: லைப்சிக், ஹாலே, யேனா, மார்புர்க், ஃப்ரைபுர்க் மாதிரி. பெர்லினில் நீங்கள் ஜெர்மனில் திக்கினால் உடனே ஆங்கிலத்தில் பதில் வரும். சின்ன ஊரில் அது குறைவு. வாடகையும் குறைவு, தொலைந்து போகும் பயமும் குறைவு. தங்குவதற்கு விடுதி, குடும்பம் என்று இரண்டு வாய்ப்பும் இருந்தால் குடும்பத்தையே தேர்ந்தெடுங்கள். சங்கடங்கள் அதிகம்தான். மொழி வருவது அந்தச் சங்கடங்களிலிருந்துதான்.

பெயரும் விசாவும்

90 நாட்களுக்கு உட்பட்ட படிப்பு என்றால் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா) போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகலாம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட், திரும்பி வரும் தேதிக்கு அப்புறம் இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கோடையில் இந்தியாவே ஐரோப்பா போகக் கிளம்புவதால் விசா மையத்தில் நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். ஏப்ரலிலேயே பதிவு செய்யுங்கள்.

இதெல்லாம் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கும் எழுதாத ஒன்று, நம் ஊர்ப் பெயர்ச் சிக்கல். கல்லூரி ஆவணத்தில் 'க.' என்று இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். அங்கிருந்து வரும் அழைப்புக் கடிதத்தில் ஒரு மாதிரி, விமானச் சீட்டில் ஒரு மாதிரி, இன்ஷூரன்ஸில் வேறு மாதிரி பெயர் வந்தால் விசாவில் கேள்வி வரும். முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கையில் வாங்கி, அதில் உள்ளபடி பெயரை எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். இனி எந்தப் படிவத்திலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: அங்கே வகுப்பில் அவர்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். என் மாணவி ஒருத்தி, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு முறை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் எது, அப்பா பெயர் எது, எதைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று ஜெர்மனில் மூன்று வாக்கியம் சொல்ல ஒவ்வொருவரும் பழக வேண்டும். முதல் உரையாடலுக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

பெற்றோர் கூட்டம்

இதைத் தவிர்க்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இது பிள்ளையின் முதல் வெளிநாட்டுப் பயணம். சில வீடுகளில் கடன் வாங்கி அனுப்புகிறார்கள். மொத்தச் செலவை மறைக்காமல் சொல்லுங்கள்: படிப்புக் கட்டணம், விமானம், விசா, இன்ஷூரன்ஸ், தங்குமிடம், அப்புறம் கைச்செலவு. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு செலவும் பட்டியலில் இருக்கக் கூடாது.

அப்புறம் போன் விஷயம். கோடையில் ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே ஒன்பதரை. அந்த ஆறு மணிதான் அந்த வீட்டில் எல்லோரும் மேசையில் உட்கார்ந்து பேசும் நேரம். அப்போது பிள்ளை அறைக்குள் போய் அம்மாவிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தால், அன்றைக்குக் கிடைக்க வேண்டிய ஜெர்மன் போய்விடும். அங்கே பிற்பகல் வகுப்பு முடிந்ததும் இருபது நிமிடம் என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். காரணத்தைச் சொன்னால் கேட்கிறார்கள். தன் மகன் நாலு வார்த்தை கூடப் பேசிப் பழக வேண்டும் என்று அவர்களுக்கும் ஆசைதான்.

கடைசி எட்டு வாரப் பயிற்சி

வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் போதும். இந்த நேரத்தில் புதிய இலக்கணம் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் ஒரே வேலை: குறுக்கிட்டுக் கேட்பது. "வீ பிட்டெ?", "நோஹ் ஐன்மால், பிட்டெ", "லாங்ஸாமர், பிட்டெ" (என்ன சொன்னீர்கள், இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக) என்ற சின்னச் சின்ன வாக்கியங்கள் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். நான் செய்யும் பயிற்சி இது. மாணவரை முன்னால் நிற்க வைத்து, வேண்டுமென்றே வேகமாக, பாதி விழுங்கி ஒரு செய்தியைச் சொல்வேன்: எந்த நடைமேடை, எத்தனை மணி, எவ்வளவு காசு. அவர்கள் என்னை நிறுத்திக் கேட்டே அதை வாங்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். ஆசிரியரைக் குறுக்கிடுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இரண்டாம் வாரம் ஒருத்தர் துணிந்து கேட்பார். அதற்கப்புறம் மற்றவர்களும் கேட்பார்கள்.

அடுத்த படி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது. "நான்காம் நடைமேடை, மூன்று இருபது, சரிதானே?" என்று. தலையாட்டலுக்கு மாற்று இதுதான். பக்கவாட்டில் ஆட்டும் நம் தலையாட்டல் அங்கே ஆமாம் என்றும் படாது, இல்லை என்றும் படாது. எதிரில் இருப்பவர் குழம்பிப் போவார் என்பதையும் செய்து காட்டுங்கள்.

மூன்றாம் வாரம் எண்களும் நேரமும். ஜெர்மனில் இருபத்தொன்று என்பதை 'ஒன்றும் இருபதும்' என்று சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைக்காரர் வேகமாக விலை சொல்லும்போது 52 காதில் 25 ஆகிவிடும். தொலைபேசி எண்களைச் சொல்லி எழுத வையுங்கள், தினமும். நேரத்தில் இதைவிடப் பெரிய பள்ளம் உண்டு. 'ஹால்ப் ட்ரை' (சொல்லுக்குச் சொல் 'அரை மூன்று') என்றால் மூன்றரை என்று நினைப்பார்கள், இரண்டரை அது. லைப்சிக், ஹாலே பக்கம் போனால் 'ஃபீர்ட்டெல் ட்ரை' என்பார்கள். மூன்றை நோக்கிப் போகும் மணியில் கால் பங்கு, அதாவது இரண்டே கால். பாடப்புத்தகத்தில் இதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு மணி நேரம் பிந்திப் போய் நின்ற மாணவர்கள் இதை மறக்கவே மாட்டார்கள். போகும் முன்பே தெரிந்துகொண்டால் நல்லது. வட்டாரப் பேச்சையும் கொஞ்சம் காதில் போட்டு வையுங்கள். வணக்கம் சொல்ல வடக்கே 'மொயின்', தெற்கே பவேரியாவில் 'ஸெர்வுஸ்', 'க்ரூஸ் காட்'. காலை உணவு ரொட்டி பல இடங்களில் 'ப்ரோட்ஷென்', பெர்லினில் 'ஷ்ரிப்பெ', பவேரியாவில் 'ஸெம்மல்'.

நான்காம், ஐந்தாம் வாரம் தன் ஊரைப் பற்றிப் பேசப் பழகுவது. மாணவர்கள் ஜெர்மனியைப் பற்றி நிறையப் படித்துவிட்டுப் போகிறார்கள். அங்கே அவர்களிடம் கேட்கப்படுவதோ நம்மைப் பற்றி. இந்தியாவில் எல்லோரும் இந்திதானே பேசுவீர்கள், கல்யாணம் அப்பா அம்மா முடிவு செய்வார்களாமே, சாதி என்றால் என்ன, ஏன் கையால் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். இவற்றுக்குத் தயாரில்லாத பிள்ளை, ஒன்று வாயடைத்துப் போகும் அல்லது சண்டைக்குப் போகும். ஒவ்வொருவரும் தன் தெரு, தன் வீட்டு அடுப்படி, தன் மொழி பற்றி மூன்று நிமிடம் உண்மையாகப் பேசட்டும். கோலம் போடத் தெரிந்தவர் அதைப் போட்டுக்கொண்டே ஜெர்மனில் விளக்கட்டும். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

இந்த இடத்தில் நான் எப்போதும் சீகன்பால்குவைப் பற்றிச் சொல்வேன். ஹாலேயில் படித்த ஜெர்மானியர் அவர். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்க, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். வளர்ந்த ஆள், பாதிரியார், சின்னப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும்படி உட்கார்ந்தார். ஹாலேயில் உள்ள ஃப்ராங்கே அறக்கட்டளையில் தமிழ் ஓலைச்சுவடிகளை இன்றும் பாதுகாக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் மாணவர்கள் அங்கே போய், ஒரு ஓலையைக் காட்டி அதில் உள்ள எழுத்தை வாசித்து, பக்கத்தில் நிற்பவருக்கு ஜெர்மனில் சொல்ல முடிந்தால், அந்த ஒரு மதியத்துக்காகவே பயணம் போகலாம் என்பேன்.

மீதி வாரங்களில் நடித்துப் பாருங்கள்: மருந்துக்கடை, தொலைந்த பணப்பை, தப்பான ரயில், வீட்டுச் சாவி இல்லாமல் வெளியே நிற்பது. எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறும்போது என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இஹ் லெர்னெ டொய்ச், பிட்டெ டொய்ச்" (நான் ஜெர்மன் படிக்கிறேன், தயவுசெய்து ஜெர்மனிலேயே பேசுங்கள்) என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பத்தில் எட்டுப் பேர் சந்தோஷமாக மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டுக்குள்

நம் வீட்டில் விருந்தாளி முதலில் வேண்டாம் என்பார், நாம் வற்புறுத்துவோம், அப்புறம் சாப்பிடுவார். அங்கே ஒரு முறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்பது உங்களை மதிக்காதது ஆகும் என்பது அவர்கள் எண்ணம். இன்னும் நுட்பமானது ஒன்று: சாப்பாடு நீட்டும்போது 'டாங்கெ' (நன்றி) என்று மட்டும் சொன்னால் அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வது உண்டு. வேண்டுமானால் 'யா, கெர்னெ' (ஆமாம், சந்தோஷமாக) என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தே சில பிள்ளைகளின் வயிற்றைக் காப்பாற்றியிருக்கிறேன்.

இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெட்டிய காய்கள்தான். அடுப்பு மூட்டுவதில்லை. உங்களை அலட்சியப்படுத்துவதாக நினைக்க வேண்டாம், அவர்களும் அதையேதான் சாப்பிடுகிறார்கள். சைவம் என்றால் 'வெகெட்டாரிஷ்' என்று மட்டும் எழுதாமல் இறைச்சி, மீன், முட்டை எது எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். உருளைக்கிழங்கு சாலட்டில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம்.

குளியலறைத் தரை ஈரமாகக் கூடாது. பல வீடுகளில் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். குப்பை பிரித்துப் போடுவதை முதல் நாளே அந்த வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அதுவே ஒரு நல்ல உரையாடல். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 25 சென்ட் வரை 'ப்ஃபான்ட்' என்ற முன்பணம் சேர்ந்திருக்கும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்ப வரும்.

பெட்டி, பணம், போன்

இட்லிப் பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கூடாது. அம்மாக்கள் பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பதை நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள். மருந்துகளோடு மருத்துவர் சீட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆன்டிபயாட்டிக் அங்கே சீட்டில்லாமல் கிடைக்காது. நம் மூன்று முள் பிளக் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது என்பதால் ஆளுக்கொரு அடாப்டர் தேவை.

வங்கி ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்த மாணவர் கார்டு இருந்தும் பணம் இல்லாமல் நிற்பார். ரோமிங் போட்டு அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். சின்னக் கடைகளுக்கும் கழிப்பறைகளுக்கும் சில்லறை யூரோ வேண்டும்.

'டொய்ச்லாண்ட்டிக்கெட்' என்ற மாதச் சீட்டு 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம்; அதிவேக ரயில்களில் செல்லாது. இது சந்தா முறை. மாதம் பத்தாம் தேதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுத்துவிடுவார்கள். சில படிப்புகளில் பயணச் சீட்டும் கட்டணத்தில் அடங்கியிருக்கும், முதலில் அதைக் கேளுங்கள். சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. மாணவர் என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.

அவசர எண்கள் ஒவ்வொருவர் போனிலும் மனதிலும் இருக்கட்டும்: ஆம்புலன்ஸ், தீயணைப்பு 112, போலீஸ் 110, இரவில் மருத்துவர் தேவையென்றால் 116117.

அங்கே இறங்கியதும்

முதல் நாள் நிலை அறியும் தேர்வு இருக்கும். யாரும் பக்கத்தில் பார்த்து எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நண்பனோடு ஒரே வகுப்பில் இருக்க ஆசைப்பட்டு மேல் வகுப்புக்குப் போனவர் நான்கு வாரமும் மௌனமாக இருப்பார். உண்மையில் நண்பர்கள் வேறு வேறு வகுப்புகளுக்குப் போவதே நல்லது.

தமிழே பேசக் கூடாது என்று ஒரு முறை தடை போட்டுப் பார்த்தேன். மூன்று நாளில் பிள்ளைகள் வாடிப் போனார்கள். இப்போது விதியை அவர்களையே எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் அவர்கள் எழுதுவது இப்படி: மதியச் சாப்பாட்டில் தமிழ், மற்ற நேரம் ஜெர்மன், வெளியே போனால் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து போகக் கூடாது. ஆறு பேர் சேர்ந்து நடந்தால் எந்த ஜெர்மானியரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்.

ஒவ்வொருவருக்கும் பத்து வேலை கொண்ட ஒரு தாள் கொடுங்கள். எல்லாமே அந்நியரிடம் பேசாமல் முடியாத வேலைகளாக இருக்கட்டும். சந்தையில் ஒரு காய்க்குப் பெயர் கேட்டு எப்படிச் சமைப்பது என்று தெரிந்துகொள்வது, நூலகத்தில் உறுப்பினராக என்ன வேண்டும் என்று விசாரிப்பது, அந்த வீட்டுப் பாட்டியிடம் அவர் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்பது, இப்படி. வயதானவர்கள்தான் நல்ல ஆசிரியர்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு மாறவும் மாட்டார்கள்.

மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹம் நகரில் ஈழத் தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கம் இருந்தால் ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் இன்னொரு தாய்மொழி. அவர்களிடம் ஜெர்மனில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் பொறுமையாகப் பேசுவார்கள்.

முதல் வாரக் கடைசியில் தலைவலி, அழுகை, "எனக்கு ஒன்றுமே வரவில்லை" என்ற பேச்சு வரும். நாள் முழுக்க வேற்று மொழியை உற்றுக் கேட்கிற களைப்பு அது. ஒரு நாள் ஓய்வு கொடுத்து, தூங்க விட்டால் தெளிந்துவிடும். நிறத்தைப் பார்த்து யாராவது தப்பாகப் பேசவும் வாய்ப்புண்டு. அதை முன்பே மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி நடந்தால் பதில் பேசி நிற்காமல் விலகி வந்து, அன்றே உங்களிடமும் படிப்பு அலுவலகத்திலும் சொல்ல வேண்டும். மிரட்டலாக இருந்தால் 110.

திரும்பி வந்ததும்

ஒரு வாரத்துக்குள் ஒரு முறை உட்காருங்கள், பிரியாணி வாங்கிக் கொடுத்தாவது. புரியாமல் திகைத்து நின்ற மூன்று இடங்களை ஒவ்வொருவரும் எழுதித் தரட்டும்: யார் என்ன சொன்னார், நீ என்ன கேட்டாய், எப்படிச் சமாளித்தாய். பெயர் போடாமல் அதைத் தொகுத்து வையுங்கள். நான் இப்போது எட்டு வாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் பாதி விஷயம் அந்தத் தாள்களிலிருந்து வந்ததுதான். அந்த வீட்டாருக்கு ஜெர்மனில் கையால் ஒரு கடிதமும் எழுதச் சொல்லுங்கள். பட்டினி கிடந்த அந்தப் பையன் எழுதினான். அந்த அம்மா பதில் போட்டார், ஒவ்வொரு பொங்கலுக்கும் இப்போதும் போடுகிறார்.